நடுக்கூடத்தில் குடியேறிய ஊர்: லா ஷாரித்தே-சுர்-லுவார் மடாலயம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இடமும் கேள்வியும்

பிரான்சின் நியேவ்ர் மாவட்டத்தில், நெவேர் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், லுவார் ஆற்றின் வலக்கரையில் லா ஷாரித்தே-சுர்-லுவார் அமைந்துள்ளது. ஏறத்தாழ 5000 பேர் வாழும் இச்சிற்றூரின் நடுவில் திருச்சிலுவைச் சதுக்கம் என்ற திறந்தவெளி ஒன்று உண்டு. அதன் மேற்கு ஓரத்தில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் கோபுரம் ஒன்று தனியாக நிற்கிறது. கிழக்கு ஓரத்தில் அன்னை மரியாவின் பெயரால் அமைந்த நோத்ர்-தாம் தேவாலயத்தின் மேற்குச் சுவர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வடபுறமாக வரிசையாக வீடுகள் உள்ளன. சாதாரண ஊர்ச் சதுக்கம்தான் என்று கடந்து போகிறவர், அந்த வீடுகளின் மேல்மாடிச் சுவர்களைச் சற்று அண்ணாந்து பார்த்தால் நின்றுவிடுவார். மரச் சட்டமிட்ட ஜன்னல்களுக்கு நடுவே கோதிக்குக்கு முந்திய ஐரோப்பியக் கட்டடப் பாணியான ரோமனெஸ்க்கின் கல் வளைவுகளும் அரைத்தூண்களும் தலை நீட்டுகின்றன. சதுக்கம் என்று இன்று அழைக்கப்படும் இடம் ஒரு காலத்தில் தேவாலயத்தின் நடுக்கூடம். வீடுகள் இருக்கும் இடம் அதன் வடக்குப் பக்கக்கூடம்.

முழுமையாக இருந்த காலத்தில் இத்தேவாலயம் ஏறத்தாழ 122 மீட்டர் நீளம் கொண்டிருந்தது. பர்கண்டியில் இருந்த தாய் மடமான குளூனியின் பெருங்கோயிலுக்கு அடுத்தபடியாக மேலைக் கிறிஸ்தவ உலகின் இரண்டாவது பெரிய தேவாலயம் என்று இது போற்றப்பட்டது. உள்ளே 5000 பேர் நிற்கலாம் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது இன்றைய ஊர் முழுவதையும் அதற்குள் அடக்கிவிடலாம். அப்படிப்பட்ட கட்டடம் 1559இல் தீக்கிரையானது. அதன் பின் அது முழுமையாகத் திரும்பக் கட்டப்படவும் இல்லை, முழுமையாக இடிக்கப்படவும் இல்லை. பாதி கோயிலாகவும் பாதி தெருவாகவும் நான்கரை நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. இந்த இடைநிலை எப்படி ஏற்பட்டது, எந்தெந்த முடிவுகள் அதைக் காப்பாற்றின என்பதே இந்த ஆய்வின் கேள்வி. விடையின் ஒரு பகுதியை முன்னரே சொல்லிவிடலாம்: இக்கட்டடத்தைக் காத்ததில் பக்திக்கும் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்றாலும், அதை விடாமல் யாராவது ஏதாவது ஒன்றுக்குப் பயன்படுத்தி வந்ததற்கே பெரும்பங்கு உண்டு.

மடம் எழுந்த விதம்

1059இல் ஒசேர் மறைமாவட்டத்தின் ஆயரும் உள்ளூர்ப் பிரபு ஒருவரும் ஆற்றங்கரையில் இருந்த இந்நிலத்தைக் குளூனி மடத்துக்குக் கொடையாக அளித்தனர். அப்போது குளூனியின் மடாதிபதியாக இருந்தவர் ஹியூ. ஐரோப்பா முழுவதும் குளூனியின் கிளைகள் பரவியது அவருடைய நீண்ட ஆட்சிக்காலத்தில்தான். அவர் அனுப்பிய துறவியர் முதலில் புனித லாரன்ஸின் பெயரில் சிறிய கோயில் ஒன்றை எழுப்பினர். அதை அடுத்து, அதைவிடப் பன்மடங்கு பெரிதான நோத்ர்-தாமின் வேலை தொடங்கியது. துறவியர் வழிப்போக்கர்களுக்கு அளித்து வந்த அன்னதானத்தாலும் அடைக்கலத்தாலும் ஊருக்கே "ஷாரித்தே", அதாவது அறம் என்ற பெயர் நிலைத்தது.

இடத் தேர்வில் கணக்கு இருந்தது. லுவார் அகன்ற, மணல் திட்டுகள் நிறைந்த, அடிக்கடி திசை மாறும் ஆறு. அதைப் பாதுகாப்பாகக் கடக்கக்கூடிய இடங்கள் குறைவு. இங்கே ஆற்றின் நடுவில் தீவு ஒன்று இருப்பதால் பாலம் அமைப்பது எளிதாயிற்று. பர்கண்டியிலிருந்து பூர்ஜ் நோக்கிச் செல்லும் வணிகர்களும், வெஸ்லேயிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நோக்கி நடந்த திருப்பயணிகளும் இந்தக் கடவு வழியே சென்றனர். ஆற்றில் படகுப் போக்குவரத்தும் இருந்தது. ஆகவே மடத்துக்குக் கொடையும் வரியும் காணிக்கையும் தடையின்றி வந்து சேர்ந்தன. அரை நூற்றாண்டுக்குள் லா ஷாரித்தே "குளூனியின் மூத்த மகள்" என்ற பெயரைப் பெற்றது. அதன்கீழ்க் கிளை மடங்கள் பெருகின. கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் வென்லாக், பெர்மண்ட்சி, பொன்டிஃப்ராக்ட் முதலிய மடங்கள் இதற்குக் கீழ்ப்பட்டிருந்தன. இன்றைய லண்டனின் ஒரு பகுதியான பெர்மண்ட்சியின் துறவியர் லுவார் கரையில் இருந்த மடத்தலைவருக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தார்கள் என்பது அக்காலத்து மடங்களின் வீச்சைக் காட்டும்.

1107 மார்ச் 9ஆம் நாள் திருத்தந்தை 2ஆம் பாஸ்கால் நேரில் வந்து தேவாலயத்தை அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தினார். ஆயர்களை நியமிக்கும் உரிமை யாருக்கு என்ற பூசலில் ஜெர்மானிய அரசருக்கு எதிராக ஆதரவு தேடி அவர் பிரான்சுக்கு வந்திருந்த நேரம் அது. அந்நிகழ்வில் பாரீஸுக்கு அருகிலுள்ள புனித தெனி மடத்தின் சார்பில் சுஜேர் என்ற இளம் துறவியும் இருந்தார். தம் மடத்தின் உரிமைகளுக்காகப் பாரீஸ் ஆயருக்கு எதிராகத் திருத்தந்தை முன்னிலையில் இங்கே வாதாடியதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். புனித தெனி கோயிலைப் புதுப்பித்துக் கோதிக் கட்டடக் கலைக்கு வழி திறந்த அதே சுஜேர்தான் இவர். ரோமனெஸ்க் கலையின் உச்சங்களில் ஒன்றின் அர்ச்சிப்பில், அதற்கு அடுத்த யுகத்தைத் தொடங்கப்போகும் மனிதர் வழக்குக் கட்டோடு நின்றிருக்கிறார்.

அர்ச்சிப்பு நடந்துவிட்டதால் வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. 12ஆம் நூற்றாண்டில் பீடப் பகுதி பெருமளவு மாற்றிக் கட்டப்பட்டது. பீடத்தைச் சுற்றி வரும் நடைபாதையும் அதிலிருந்து விரியும் சிற்றாலயங்களும் அப்போது அமைந்தவை. குளூனியில் கண்ட புதுமைகள் இங்கே உடனுக்குடன் பின்பற்றப்பட்டன: கூர்முனை வளைவுகள், பள்ளக் கோடிட்ட அரைத்தூண்கள், அவற்றுக்கு மேலே பல இதழ்களாகப் பிரியும் சிறு வளைவு வரிசைகள். இந்த இதழ் வளைவுகள் ஸ்பெயினின் இசுலாமியக் கட்டடங்களை நினைவூட்டுவன. திருப்பயணப் பாதை இரு திசையிலும் நடக்கும் பாதையாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. தூண்களுக்கு மேலே விலங்குருவச் சிற்பங்களும் உண்டு. பிற்காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், நடு அச்சில் இருந்த சிற்றாலயம் மட்டும் கோதிக் பாணியில் பெரிதாக்கப்பட்டது.

போரும் தீயும்

கடவைக் காக்க மதில் எழுந்தது. மதில் எழுந்ததால் போர் வந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரின் பிற்பகுதியில், 1423இல், பெரினே கிரெசார் என்ற கூலிப்படைத் தலைவன் ஊரைக் கைப்பற்றிக்கொண்டு பிரெஞ்சு அரசருக்கு எதிராக அதை வைத்திருந்தான். முன்பு கொத்தனார் வேலை பார்த்தவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். கோட்டையின் பலம் தெரிந்தவன் என்பது மட்டும் நிச்சயம். 1429 நவம்பர் 9ஆம் நாள் பிரெஞ்சு அரசருக்காகப் போரிட்ட ஜான் ஆஃப் ஆர்க் ரியோம் ஊராருக்கு எழுதிய கடிதத்தில், லா ஷாரித்தே முற்றுகைக்காக வெடிமருந்து, வெடியுப்பு, கந்தகம், அம்புகள், விசை வில்கள் ஆகியவற்றை உடனே அனுப்புமாறு கேட்டிருக்கிறார். அவருடைய கையொப்பத்தோடு கிடைத்துள்ள மிகச் சில கடிதங்களில் அது ஒன்று. கேட்டது போதுமான அளவில் வரவில்லை, குளிரும் கடுமையாக இருந்தது. ஏறத்தாழ ஒரு மாத முற்றுகைக்குப் பின் அவருடைய படை பின்வாங்கியது. ஓர்லேயோனில் வெற்றி பெற்றவர் இந்தச் சிற்றூரின் மதிலுக்கு முன் தோற்றார்.

அந்த மதிலால் தடுக்க முடியாத பகை உள்ளிருந்து வந்தது. 1559 ஜூலை இறுதியில் ஊரில் பிடித்த தீ ஏறத்தாழ 200 வீடுகளை எரித்து மடத்துக்குத் தாவியது. மரக் கூரை எரிந்து விழ, பத்து அங்கணங்கள் (தூண் வரிசைகளால் பிரிக்கப்பட்ட பகுதிகள்) கொண்ட நடுக்கூடத்தின் பெரும்பகுதி பாழாயிற்று. பீடப் பகுதியும், நடுக்கூடத்துக்குக் குறுக்கே ஓடும் குறுக்குக் கூடமும், அவற்றின் சந்திப்பில் நிற்கும் எண்கோணக் கோபுரமும் தப்பின. மேற்கு முனையில் இரண்டு கோபுரங்களுக்குரிய இடத்தில் இன்று வடபுறத்தது ஒன்றுதான் நிற்கிறது.

தீ மட்டும் வந்திருந்தால் மடம் எழுந்து நின்றிருக்கக்கூடும். கத்தோலிக்கருக்கும் பிராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே தொடர்ந்து வந்த மதப் போர்கள் அதற்கு இடம் தரவில்லை. 1569இல் ஜெர்மனியிலிருந்து வந்த பிராட்டஸ்டண்ட் படை ஆற்றைக் கடப்பதற்காக இவ்வூரைப் பிடித்தது. 1570இல் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கை, பிராட்டஸ்டண்டுகளின் பாதுகாப்புக்காக ஒதுக்கிய நான்கு நகரங்களுள் லா ரொஷெல், கொஞ்ஞாக், மொந்தோபான் ஆகியவற்றோடு லா ஷாரித்தேயையும் சேர்த்தது. இரண்டே ஆண்டுகளில், பிராட்டஸ்டண்டுகளுக்கு எதிராகப் பாரீஸில் தொடங்கிய புனித பர்த்தலோமேயு நாள் படுகொலை பரவிய ஊர்களின் பட்டியலிலும் இதன் பெயர் வருகிறது. 1577இல் அரசரின் தம்பி முற்றுகையிட்டு ஊரை மீட்டார். இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்த ஊரில் 122 மீட்டர் நீளக் கோயிலுக்குக் கூரை போட யாருக்கும் நேரமும் இல்லை, பணமும் இல்லை.

பணம் இல்லை என்பதை விளக்க வேண்டும். மடத்தின் நிலங்கள் அப்படியேதான் இருந்தன. ஆனால் அரசர் திருத்தந்தையோடு செய்துகொண்ட 1516ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் பிரான்சில் பெரிய மடங்களின் தலைமையை அரசர் தமக்கு வேண்டியவர்களுக்கு வழங்கும் முறை வேரூன்றியிருந்தது. அப்படி நியமிக்கப்பட்டவர்கள் மடத்தில் வாழவேண்டியதில்லை. வருமானத்தின் பெரும்பகுதி அவர்களைப் போய்ச் சேரும். எஞ்சியதில் துறவியர் வாழவும் கட்டடத்தைப் பராமரிக்கவும் வேண்டும். தீக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடுக்கூடம் திறந்து கிடந்ததற்குப் போரைக் காட்டிலும் இந்த ஏற்பாடே நீடித்த காரணம் என்று கருதுகிறேன். இதே முறையில் வந்த ஒருவர்தான் ஓரளவு பரிகாரமும் செய்தார் என்பது வேறு விஷயம். 14ஆம் லூயியின் அமைச்சர் கொல்பேரின் மகனும் ரூவான் பேராயருமான ழாக்-நிக்கொலா கொல்பேர் மடத்தலைவராக இருந்தபோது, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், குறுக்குக் கூடத்தை ஒட்டிய நான்கு அங்கணங்கள் சீரமைக்கப்பட்டன. அத்தோடு மேற்கே சுவர் வைத்துக் கோயிலை அடைத்துவிட்டார்கள். எஞ்சிய ஆறு அங்கணங்கள் வானம் பார்த்த வெளியாகவே விடப்பட்டன. இன்றைய சதுக்கத்தின் அளவு தீர்மானமானது அந்த முடிவில்தான்.

இடிபாட்டில் குடித்தனம்

இந்த நிகழ்வின் மையம் இதுதான். கைவிடப்பட்ட ஆறு அங்கணங்களின் வடக்குப் பக்கக்கூடம் ஊரின் ஒரு பங்குக்கு, அதாவது ஊராரின் திருச்சபைப் பிரிவு ஒன்றுக்கு, வழங்கப்பட்டது. கூடத்தை நோக்கிய வளைவுகளை அடைத்து, திருச்சிலுவைப் பங்குக் கோயில் என்ற பெயரில் அங்கே வழிபாடு நடந்தது. தனித்து நின்ற வடமேற்குக் கோபுரம் அதன் மணிக்கோபுரமாயிற்று. சதுக்கத்துக்கும் கோபுரத்துக்கும் இன்றுள்ள பெயர் அந்தப் பங்கிலிருந்து வந்ததே. துறவியரின் நோத்ர்-தாமும் ஊராரின் திருச்சிலுவையும் ஒரே கட்டடத்தின் இரு முனைகளில், நடுவே இடிந்த வெளியோடு, பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை இயங்கி வந்தன.

கட்டடத்தின் நலன் நோக்கிப் பார்த்தால் இது மிக நல்ல ஏற்பாடு. கூரை இல்லாத கல் சுவரை மழையும் உறைபனியும் மேலிருந்து தின்னும். இடுக்கில் நீர் புகுந்து உறைந்து விரியும்போது சுண்ணாம்புக் கல் பிளக்கும். பக்கத்தில் சாய்ந்து தாங்கும் கட்டுமானம் போய்விட்டால் உயரமான சுவர் தானாகவே சரியும். பக்கக்கூடத்துக்கு மேல் கூரையும் அதன் வளைவுகளுக்கு அடைப்பும் இருந்தவரை அந்த மூன்று கேடுகளும் தடுக்கப்பட்டன. தெற்குப் பக்கத்தில் அந்த ஏற்பாடு இல்லை. அங்கே எஞ்சியது எவ்வளவு என்று சதுக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

1789க்குப் பின் மடங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் சொத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தன. நோத்ர்-தாம் ஊரின் பங்குக் கோயிலாக மாறியது. பழைய பங்கின் பெயரையும் சேர்த்து அது இன்று திருச்சிலுவை-நோத்ர்-தாம் என்றே ஆவணங்களில் குறிக்கப்படுகிறது. வடக்குப் பக்கக்கூடம் வீடுகளாயிற்று. வாங்கியவர்கள் கல் வளைவுகளுக்கு நடுவே தளம் போட்டார்கள், அடுப்புக்குப் புகைபோக்கி எழுப்பினார்கள், கோயிலின் வெற்று வளைவு வரிசைக்குள் ஜன்னல் திறந்தார்கள். அவர்கள் கலைப் பாதுகாவலர்கள் அல்லர். தயாராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே வீடு கட்டினால் செலவு குறையும் என்று கணக்கிட்டவர்கள். அந்தச் சிக்கனம் 12ஆம் நூற்றாண்டுச் சுவர் ஒன்றை நமக்கு விட்டுவைத்தது.

தாய் மடத்துக்கு நேர்ந்ததை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். 187 மீட்டர் நீளமுடைய குளூனிப் பெருங்கோயில் 1798இல் வணிகர்களுக்கு விற்கப்பட்டது. அவர்கள் அதன் நடுக்கூடத்தின் குறுக்கே தெரு ஒன்றைத் திறந்தனர். பின்னர் 1823 வரை கோயிலை வெடிவைத்தும் பெயர்த்தும் கல்லாக விற்றுத் தீர்த்தனர். இன்று அங்கே தெற்குக் குறுக்குக் கூடமும் அதன் மேல் ஒரு கோபுரமுமாக மிகச் சிறு பகுதியே எஞ்சியுள்ளது. குளூனியில் கோயில் மொத்தமாகச் சில கைகளுக்குப் போனது. மொத்தமாக வாங்கியவருக்கு அதை உடைத்து விற்பதே லாபம். லா ஷாரித்தேயிலோ பீடப் பகுதி பங்குக்கும், பக்கக்கூடம் துண்டு துண்டாகக் குடித்தனக்காரர்களுக்கும் போனது. தன் வீட்டின் பின்சுவரை எவரும் கல்லாக விற்க மாட்டார்.

1840: சாலை

19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பாரீஸிலிருந்து தெற்கே மத்தியதரைக் கடற்கரை வரை செல்லும் அரச நெடுஞ்சாலை சீரமைக்கப்பட்டு வந்தது. பின்னாளில் தேசிய நெடுஞ்சாலை 7 என்று புகழ்பெற்ற பாதை அது. லா ஷாரித்தேயின் குறுகிய, சரிவான தெருக்கள் அஞ்சல் வண்டிகளுக்குப் பொருந்தவில்லை. சாலையை நேராக்கும் திட்டத்தின் கோடு தேவாலயத்தின் ஊடாகப் போயிற்று. தாய்க்கு நேர்ந்தது மகளுக்கும் நேரவிருந்தது. பொறியாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. பாதி வெளியாகவும் பாதி வீடுகளாகவும் கிடந்த ஒரு கட்டடத்தின் நடுவே வழி ஏற்கெனவே இருப்பதாகத்தான் வரைபடத்தில் தெரிந்திருக்கும்.

தடுத்தவர் எழுத்தாளரும் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளருமான ப்ரொஸ்பேர் மெரிமே. 1830இல் உருவாக்கப்பட்ட அந்தப் பதவிக்கு 1834இல் இரண்டாமவராக வந்த அவர், அதே ஆண்டில் தொடங்கிய முதல் சுற்றுப்பயணத்திலேயே இவ்வூரைப் பார்த்திருந்தார். 1837இல் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் அமைந்தது. 1840இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அடங்கிய முதல் பட்டியல் வெளிவந்தபோது லா ஷாரித்தே தேவாலயம் அதில் இடம்பெற்றது. சாலைத் திட்டம் திசை மாறியது.

இதைச் சட்டத்தின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். அது முழு உண்மை ஆகாது. 1840ஆம் ஆண்டுப் பட்டியல் அடிப்படையில் எந்தக் கட்டடங்களுக்கு அரசு பழுதுபார்ப்பு நிதி தரவேண்டும் என்று சொன்ன பட்டியல். உரிமையாளரையோ நகராட்சியையோ மற்றொரு அரசுத் துறையையோ கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் 1887ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஓரளவு வந்தது. தனியார் சொத்தை உரிமையாளரின் சம்மதம் இல்லாமலும் பட்டியலில் சேர்க்கலாம் என்ற நிலை 1913ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே ஏற்பட்டது. ஆக, 1840இல் சாலையைத் திருப்பியது ஓர் அதிகாரியின் வற்புறுத்தலும் அமைச்சகத்துக்குள் அவருக்கு இருந்த செல்வாக்கும். கட்டடத்தை நேரில் பார்த்திருந்தவர் அவர் என்பதும் முக்கியம். கோப்பில் மட்டும் பார்த்திருந்தால், பாதி இடிந்த கோயிலை எவரும் முழுத் தேவாலயங்களுக்கு இணையாகப் பட்டியலில் வைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு சிற்பப் பலகைகள்

கோபுரத்தின் அடியில் இருந்த வாயில்களுக்கு மேல் அரைவட்ட வடிவில் இரண்டு சிற்பப் பலகைகள் இருந்தன. ஒன்று இன்றும் கோபுரத்திலேயே உள்ளது. அதில் ஒளிவட்டத்துக்குள் அமர்ந்த கிறிஸ்துவின் அருகே அன்னை மரியா நிற்கிறார். கீழே உத்திரத்தில் மங்கள வார்த்தை, எலிசபெத்தைச் சந்தித்தல், இயேசு பிறப்பு, இடையர்களுக்கு அறிவிப்பு ஆகிய காட்சிகள் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. மற்றொன்று 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுக்கப்பட்டுத் தேவாலயத்தின் உள்ளே குறுக்குக் கூடத்தில் பதிக்கப்பட்டது. அதன் பொருள் இயேசுவின் உருமாற்றம். நடுவே கிறிஸ்து, இருபுறமும் மோசேயும் எலியாவும், ஓரங்களில் அஞ்சி ஒடுங்கும் சீடர்கள். கீழே ஞானிகளின் வணக்கமும் குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக்குதலும். உருமாற்ற விழாவைக் குளூனிச் சபை முழுவதும் கொண்டாட வேண்டும் என்று மடாதிபதி வணக்கத்துக்குரிய பேதுரு 1132இல் ஏற்பாடு செய்தார். இப்பலகை ஏறத்தாழ அக்காலத்ததாகவே கணிக்கப்படுகிறது.

இரண்டு பலகைகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்குப் பாதுகாப்பின் விலை விளங்கும். வெளியில் நிற்கும் மரியா பலகையில் முகங்களின் நுணுக்கம் தேய்ந்திருக்கிறது. எனினும் அது எந்த வாயிலுக்காகச் செதுக்கப்பட்டதோ அதன் மேலேயே, அதே உயரத்தில், அதே மாலை வெயிலில் இருக்கிறது. உள்ளே வந்த பலகையில் ஆடை மடிப்புகளின் இணைகோடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் அதைக் கடந்து எவரும் உள்ளே நுழைவதில்லை. அது சுவரில் பதித்த காட்சிப் பொருளாகிவிட்டது. இரண்டு முடிவுகளில் எது சரி என்று கேட்டால், அன்றைய சூழலில் உள்ளே கொண்டுவந்ததைத் தவறு என்று என்னால் சொல்ல இயலவில்லை. இரண்டையும் ஒரே வழியில் கொண்டுசெல்லாமல் ஒன்றை இடத்திலேயே விட்டதுதான் நல்வாய்ப்பு.

இன்றைய நிலையும் மதிப்பீடும்

1998இல் பிரான்சில் உள்ள சந்தியாகோ திருப்பயணப் பாதைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 71 நினைவுச்சின்னங்களும் 7 பாதைப் பகுதிகளும் கொண்ட அந்தத் தொகுப்பில் இத்தேவாலயமும் ஒன்று. 2000களின் தொடக்கத்திலிருந்து மடத்தின் பிற கட்டடங்களில் பெரிய அளவில் சீரமைப்பு வேலைகள் நடந்து வருகின்றன. மடத்தலைவரின் பழைய இல்லம், 18ஆம் நூற்றாண்டுச் சுற்றுமண்டபம், நிலவறைகள் ஆகியவை ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. ஊர் 2000இலிருந்து "நூல்களின் ஊர்" என்று தன்னை அறிவித்துக்கொண்டது. பழைய புத்தகக் கடைகள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியேறின. நெடுஞ்சாலை இப்போது ஊருக்கு வெளியே கிழக்காகப் போகிறது. மெரிமே திருப்பிய சாலை கடைசியில் ஊரையே விட்டு விலகிவிட்டது எனலாம்.

பீடப் பகுதிக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் முதல் கோயிலான புனித லாரன்ஸின் அடித்தளம் அகழ்ந்தெடுக்கப்பட்டுப் பார்வைக்கு விடப்பட்டுள்ளது. அங்கிருந்து பார்த்தால் சிற்றாலயங்களும் அவற்றுக்கு மேல் குறுக்குக் கூடமும் அதற்கும் மேல் எண்கோணக் கோபுரமும் படிப்படியாக எழுவது முழுமையாகத் தெரியும். ஆற்றுப் பக்கம் போனால் 16ஆம் நூற்றாண்டுக் கல் பாலம் நடுவில் சற்றே முதுகு உயர்த்தி நிற்கிறது. தீவிலிருந்து அப்பாலத்தின் வழியே ஊருக்குள் வருபவருக்கு இரு கோபுரங்களும் ஒருசேரத் தென்படும். அவற்றுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழப் பழைய நடுக்கூடத்தின் நீளம் என்பதை மனத்தில் கொண்டு பார்த்தால், கட்டடத்தின் உண்மையான அளவு அங்கிருந்தே பிடிபடுகிறது.

மதிப்பீட்டில் எழும் முக்கியக் கேள்வி அந்த வீடுகளைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் பெருங்கோயில்களை ஒட்டியிருந்த வீடுகளையும் கடைகளையும் இடித்துக் கோயிலைத் தனியே நிறுத்துவது ஐரோப்பா முழுவதும் நடைமுறையாக இருந்தது. பாரீஸ் நோத்ர்-தாமின் முன்வெளி அவ்வாறு பெரிதாக்கப்பட்டதே. ஒரு பழங்கட்டடத்தை அதன் "மூல" வடிவத்துக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணமும் அக்காலத்தில் ஓங்கியிருந்தது. லா ஷாரித்தேயில் அதைச் செய்திருந்தால் வீடுகள் போயிருக்கும். ஆறு அங்கணங்களுக்குப் புதிய கல்லில் நடுக்கூடம் வந்திருக்கும். அதில் 12ஆம் நூற்றாண்டு எது, 19ஆம் நூற்றாண்டு எது என்று இன்று பிரித்தறிவது கடினமாகியிருக்கும். நிதிப் பற்றாக்குறை அதைத் தடுத்ததா, மதிநுட்பம் தடுத்ததா என்ற விவாதத்தைவிட, விளைவு நல்லதாக அமைந்தது என்பதே இங்கு வேண்டுவது. எல்லாக் காலத்துப் பங்களிப்புகளும் மதிக்கப்பட வேண்டும், பாணியின் ஒருமை சீரமைப்பின் நோக்கம் அல்ல என்று பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. அக்கொள்கை எழுதப்படுவதற்கு வெகுமுன்பே இவ்வூர் வேறு வழியில்லாமல் அதைக் கடைப்பிடித்திருந்தது.

எனினும் இந்த நிலை தானாக நீடிக்காது. சுவரின் ஒரு பக்கம் அரசின் கவனிப்பில் உள்ள சின்னம், மறுபக்கம் குடும்பம் ஒன்றின் சமையலறை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டத்துக்குள், சின்னத்தோடு சேர்ந்து கண்ணில் படும் கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்ற அரசு நியமித்த கட்டடக் கலைஞரின் கருத்தைப் பெற வேண்டும் என்ற விதி 1943 முதல் பிரான்சில் உள்ளது. வட்டத்தின் மையத்துக்குள்ளேயே வாழும் இவ்வீட்டார், ஜன்னலை அகலமாக்கவும் கூரை ஓட்டை மாற்றவும் காத்திருக்கத்தான் வேண்டும். இவ்விதி கடுமையாக நடத்தப்பட்டால் மக்கள் அலுத்துப்போய் வீடுகளைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிற்றூர்களின் நடுப்பகுதிகள் காலியாகி வருவது இன்றைய பிரான்சில் பரவலான கவலை. அதன்பின் கூரை ஒழுகும். ஒழுகல் முதலில் இறங்குவது பழைய கல் வளைவுகளுக்குள்தான். எனவே சிற்பங்களைப் பழுதுபார்க்கும் நிதியில் ஒரு பங்கு, இங்கே குடியிருப்பவர்களின் கூரைக்கும் நீர்த்தாரைகளுக்கும் ஒதுக்கப்படுவது பொருத்தம்.